அட்டையில் வாரண்டி, வாய்ச்சொல்லில் கேரண்டி: ஓர் இன்வெர்ட்டர் பேட்டரியும் அதை விற்ற கடையும்

2023 டிசம்பர் 17, 18 ஆகிய இரண்டு நாள்களில் தாமிரபரணி கரைபுரண்டு வந்தபோது, திருநெல்வேலி சிந்துபூந்துறையில் இருக்கும் எங்கள் வீட்டுக் கூடத்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. கட்டிலையும் பீரோவையும் பற்றிக் கவலைப்பட்ட நாங்கள், மூலையில் டிராலியில் இருந்த இன்வெர்ட்டரை மறந்துவிட்டோம். வெள்ளம் வடிந்த பிறகு பார்த்தால் பேட்டரியின் மூடிகள் வழியாகச் சேறு உள்ளே இறங்கியிருந்தது. அந்தப் பேட்டரிக்கு இன்னும் எட்டு மாதம் வாரண்டி இருந்தது; ஆனால் வெள்ளம், இடி, தீ ஆகியவற்றால் ஏற்படும் சேதம் அதில் சேராது என்று அட்டையின் பின்புறம் அச்சிட்டிருந்தார்கள். அதில் குறை சொல்ல ஏதுமில்லை. உற்பத்திக் குறைக்குத்தான் கம்பெனி பொறுப்பேற்கும், ஆற்றுக்கு அன்று.

ஆகவே 2024 பொங்கலுக்கு முந்தின வாரம், வண்ணார்பேட்டையில் தெரிந்தவர் ஒருவர் காட்டிய கடையில் புதிய பேட்டரி வாங்கினேன். 150 ஆம்பியர்-ஹவர் கொண்ட டியூபுலர் பேட்டரி. விலை 16,200 ரூபாய். அட்டைப்பெட்டியில் அச்சிட்ட அதிகபட்ச விலை 21,000 என்பதையும் இங்கே குறித்துவிடுகிறேன். பின்னால் கணக்குப் போடும்போது அது தேவைப்படும். கடையின் பெயரையும் கம்பெனியின் பெயரையும் சொல்லப்போவதில்லை. நான் எழுத வந்தது அந்தக் கடையில் நான் கேட்ட இரண்டு ஆங்கிலச் சொற்களைப் பற்றியும், அந்தச் சொற்கள் இருபது மாதம் கழித்து எனக்கு எந்த அளவுக்கு உதவின என்பதைப் பற்றியும். பேட்டரி வாங்கப் போகிறவர் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அதே இரண்டு சொற்கள்தான் எதிரே வந்து நிற்கும்.

கடையில் நடந்த பேச்சு இதுதான். என் மனைவி, "கேரண்டி உண்டுமா?" என்று கேட்டார். கடைக்காரர், "அறுவது மாசம் வாரண்டி, அக்கா. அதுல மொத முப்பத்தாறு மாசம் கேரண்டி," என்றார். நான் வங்கியில் முப்பது ஆண்டுக்கு மேல் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். கேரண்டி என்ற சொல் காதில் விழுந்தாலே கையெழுத்துப் போட்டது யார் என்று தேடும் பழக்கம் எனக்கு உண்டு. அதனால் அட்டையை வாங்கிப் பார்த்தேன். அட்டை முழுவதிலும் கேரண்டி என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. முன்பக்கத்தில் "36 + 24" என்று பெரிய எழுத்தில் இருந்தது. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் பதினெட்டு விதிகள் இருந்தன. எங்கும் வாரண்டி, வாரண்டி, வாரண்டியேதான். "அண்ணாச்சி, இதுல கேரண்டின்னு போடலியே?" என்றேன். அவர் சிரித்தார். "அது கம்பெனிக்காரன் எழுதினது. கேரண்டிக்கு நான் இருக்கேம்லா!"

நம் ஊர்க் கடைத்தெருவில் இந்த இரண்டு சொற்களுக்கும் தெளிவான பொருள் வேறுபாடு உண்டு. கேரண்டி என்றால் கெட்டுப்போனதை வாங்கிக்கொண்டு புதிதைக் கொடுப்பது. வாரண்டி என்றால் கெட்டுப்போனதைச் சரிசெய்து அதையே திருப்பிக் கொடுப்பது. எல்இடி பல்பு வாங்கும் சிறுவன்கூட "ஒரு வருச கேரண்டியா, வாரண்டியா?" என்று பிரித்துக் கேட்கிறான். அகராதியைப் புரட்டினால் ஆங்கிலத்தில் இந்தப் பிரிவினை இவ்வளவு கறாராக இல்லை. பொருள் விற்பவர் தரும் உறுதிமொழி என்ற அளவில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. அதிலும் வியப்பு என்னவென்றால், பிறப்பாலும் இவை ஒன்றே. ஜெர்மானிய மூலத்திலிருந்து பழைய பிரெஞ்சுக்குள் போன ஒரே சொல், நார்மண்டிப் பகுதியில் 'வ' ஒலியோடும் பாரிஸைச் சுற்றிய வட்டாரத்தில் 'க' ஒலியோடும் வழங்கியது. 1066இல் இங்கிலாந்தை வென்ற நார்மானியர்கள் அங்கே கொண்டுபோனது வாரண்டி. பாரிஸ் வழக்கு பின்னால் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது கேரண்டி. வார்டன், கார்டியன் என்ற சொற்களும் இதே போல ஒரு வயிற்றுப் பிள்ளைகள். பாளையங்கோட்டையில் பிள்ளையை விடுதியில் சேர்த்தவர்கள் ஒரே படிவத்தில் வார்டனுக்கு ஒரு கட்டமும் கார்டியனுக்கு ஒரு கட்டமும் நிரப்பியிருப்பார்கள். இரண்டுமே காப்பவர் என்று பொருள்படும் ஒரே சொல்தான். நீதிமன்ற வாரண்டும் இதே குடும்பம். வாரண்டி அட்டை என்றதும் "வீட்டுக்கு எதுக்குடே வாரண்டு?" என்று பதறிய என் காலஞ்சென்ற தாயார், மொழியியல்படி முழுத் தவறாகச் சொல்லவில்லை.

பிறப்பு ஒன்றாக இருந்தாலும் புழக்கம் அவற்றைப் பிரித்துவிட்டது. "நாளைக்கு மழை கேரண்டி" என்று பேசுகிறோம். "மழை வாரண்டி" என்று யாரும் சொல்வதில்லை. "அவன் வருவான்னு என்ன கேரண்டி?" என்கிறோம். அதாவது கேரண்டி நம் பேச்சில் 'நிச்சயம்' என்ற பொருளையும் சேர்த்துக்கொண்டுவிட்டது. வாரண்டி அட்டையை விட்டு வெளியே வரவே இல்லை. கடைக்காரர் கேரண்டி என்று சொல்லும்போது வாங்குகிறவர் காதில் மாற்றித் தருவார் என்பதோடு, இது கெடாது என்ற பொருளும் சேர்ந்து விழுகிறது. அந்த இரண்டாவது பொருளை எந்த அட்டையும் தருவதில்லை.

சட்டப் புத்தகத்துக்குள் போனால் காட்சி இன்னொரு முறை மாறுகிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் கேரண்டிக்கு இலக்கணம் உண்டு: ஒருவர் தன் கடமையைச் செய்யத் தவறினால், அவருக்காக அதை நான் செய்கிறேன் என்று இன்னொருவர் கொடுக்கும் வாக்கு. இதற்கு மூன்று பேர் வேண்டும்: கொடுக்க வேண்டியவர், பெற வேண்டியவர், நடுவில் ஜாமீன் நிற்பவர். வங்கியில் நான் தினமும் புழங்கிய கேரண்டி இதுதான். அம்பாசமுத்திரம் கிளையில் இருந்தபோது, நண்பருடைய கடன் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து என்று எண்ணி ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு சம்பளத்தில் பிடித்தம் வந்தபோது என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்த ஆசிரியர் ஒருவரை இன்றும் நினைத்துக்கொள்வேன். கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ, ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு பொறுப்பு என்கிறது 128ஆம் பிரிவு. அதை அவரிடம் விளக்கிச் சொல்லும் வேலை எனக்கு வாய்த்தது.

வாரண்டிக்கு இலக்கணம் 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில், 12ஆம் பிரிவில் இருக்கிறது. விற்பனை ஒப்பந்தத்தின் உயிர்நிலையாக இருக்கும் ஏற்பாடு நிபந்தனை. அதை மீறினால் பொருளையே வேண்டாம் என்று தள்ளிவிடலாம். முதன்மை நோக்கத்துக்குப் பக்கத்தில் நிற்கும் துணை ஏற்பாடு வாரண்டி. அதை மீறினால் இழப்பீடு கேட்கலாமே தவிரப் பொருளைத் தள்ள முடியாது. வாரண்டி என்றால் பொருள் உன்னிடமே இருக்கும், பழுதுக்கு மட்டும் பரிகாரம் கிடைக்கும் என்று நம் கடைத்தெருவில் புரிந்துகொண்டிருப்பது, இந்தப் பிரிவோடு எப்படியோ பொருந்தி வருகிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, நேர்மையற்ற வணிக நடைமுறை எது என்று சொல்லும் இடத்தில் வாரண்டி, கேரண்டி இரண்டையும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, மாற்றித் தருவதாகவோ பழுதுபார்ப்பதாகவோ கொடுக்கும் வாக்கைத் தனியாக அடுத்த வரியில் வைக்கிறது. எந்தப் பெயரில் சொன்னாய் என்பதைவிட எதைச் செய்வதாகச் சொன்னாய் என்பதையே அந்தச் சட்டம் பார்க்கிறது என்பது என் வாசிப்பு.

இப்போது கடைக்காரர் சொன்ன "நான் இருக்கேம்லா" என்பதை மறுபடியும் கேட்டுப் பாருங்கள். வாக்குக் கொடுத்தது கம்பெனி. பெற வேண்டியவன் நான். கம்பெனி தவறினால் தாம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னவர் அவர். மூன்று பேரும் வந்துவிட்டார்கள். பழைய 126ஆம் பிரிவில் கேரண்டி எழுத்திலும் இருக்கலாம், வாய்மொழியாகவும் இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. மன்றத்தில் அவர் பேச்சை மெய்ப்பிக்க முடியுமா என்பது வேறு விஷயம். ஆனால் சொல்லின் பொருளை மட்டும் பார்த்தால், அட்டையில் இருந்தது வாரண்டி, அவர் வாயில் வந்ததுதான் கேரண்டி. தெரிந்து சொன்னாரோ தெரியாமல் சொன்னாரோ, மிகச் சரியாகச் சொன்னார்.

இனிப் பேட்டரிக்கு வருகிறேன். மூன்று மின்விசிறி, நான்கு எல்இடி விளக்கு என்ற எங்கள் வீட்டுச் சுமைக்கு முதல் ஆண்டு முழுவதும் நாலரை மணி நேரம் தாக்குப்பிடித்தது. சார்ஜ் ஏறும்போது சூடு அதிகமில்லை. மூடிகளில் உள்ள மிதவைகள் நீர்மட்டத்தைச் சரியாகக் காட்டின. மூன்று மாதத்துக்கு ஒரு முறை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினேன். நம் ஊரில் பலர் வீட்டுக் குழாய்த் தண்ணீரையே ஊற்றிவிடுகிறார்கள். அல்வாவுக்கு அவ்வளவு பொருந்துகிற தாமிரபரணித் தண்ணீர் பேட்டரிக்கு ஆகாது. அதில் கரைந்திருக்கும் உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். அப்படி ஊற்றியது தெரிந்தால் வாரண்டியும் போய்விடும் என்று அட்டையின் ஆறாம் விதி சொல்கிறது. அது வரையில் நான் நல்ல மதிப்பெண்ணே கொடுப்பேன்.

2025 செப்டம்பரில், அதாவது இருபதாவது மாதத்தில், மின்சாரம் போன நாற்பதாவது நிமிடத்தில் இன்வெர்ட்டர் கூவத் தொடங்கியது. கடைக்குச் சொன்னேன். மறுநாள் கம்பெனியின் சர்வீஸ் பையன் வந்தான். ஒரு முழுநாள் சார்ஜ் ஏற்றி வைக்கச் சொல்லிவிட்டுப் போய், அதற்கு மறுநாள் அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரோடு வந்தான். பார்க்க வேண்டிய காட்சி அது. கண்ணாடிக் குழாயை ஒவ்வொரு மூடியாகத் திறந்து உள்ளே விட்டு, ரப்பர் குமிழை அழுத்தி அமிலத்தை உறிஞ்சி, உள்ளே மிதக்கும் கோலைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் படித்தான். ஆறு செல்களில் ஐந்து 1240 காட்டின. நான்காவது செல்லில் கோல் பாதியிலேயே மூழ்கி 1120இல் நின்றது. அந்தச் செல்லின் அமிலம் மட்டும் கலங்கிப் பழுப்பாக இருந்தது. "ஒரு செல் போயிட்டு, சார். இது கம்பெனி டிஃபெக்ட்தான். கேரண்டில மாத்திருவாவ," என்றான். கம்பெனியின் ஆளே அட்டையில் இல்லாத சொல்லைச் சொல்கிறானே என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் மாற்றுவதற்குப் பத்தொன்பது நாள் ஆயிற்று. காரணம் கடையின் தவறு. பேட்டரி விற்றவுடன் அதன் வரிசை எண்ணைக் கம்பெனியின் ஆப்பில் பதிய வேண்டும். வெள்ளத்துக்குப் பிந்தைய நெருக்கடியில் ஒரே நாளில் பல பேட்டரிகள் விற்ற கடையில் என்னுடையது பதியப்படவில்லை. பதியாத பேட்டரிக்குத் தொழிற்சாலையை விட்டுக் கிளம்பிய தேதியிலிருந்தே கணக்கு ஓடும். என்னுடையது 2023 செப்டம்பரிலேயே கிளம்பிவிட்டதாகக் கம்பெனியின் கணினி காட்டியது. அட்டையில் தேதி கையால் எழுதியிருந்ததே தவிரக் கடை முத்திரை இல்லை. என்னைக் காப்பாற்றியது ஜிஎஸ்டி பில். எஸ்டிமேட் என்று தலைப்பிட்ட துண்டுச் சீட்டு போதும், வரி மிச்சம் என்று கடையில் அன்று சொன்னார்கள். வங்கிப் புத்தி விடவில்லை, பில் கேட்டு வாங்கினேன். அந்தத் துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு கம்பெனியிடம் நான்கு மாதத்தை மீட்டிருக்க முடியாது. மாற்றுப் பேட்டரி வரும்வரை புழங்குவதற்குக் கடையில் சர்வீஸ் பேட்டரி கொடுப்பது வழக்கம் என்பதும், நான் கேட்ட பிறகே எனக்குத் தெரியவந்தது. கேட்டிராவிட்டால் கொடுத்திருக்க மாட்டார்கள் என்றே படுகிறது.

மறுபுறம், அண்ணாச்சி வாக்கைக் காப்பாற்றினார். தவறு தம்முடையது என்று முதல் நாளே ஒப்புக்கொண்டார். கம்பெனியின் மதுரைக் கிளைக்குத் தாமே இரண்டு முறை பேசினார். "அவன் தரலன்னா என் கடைப் பேட்டரியத் தூக்கித் தாரேன், நீங்க அலையாதிய," என்று சொன்னார். அந்த நிலை வரவில்லை. வந்திருந்தால் ஜாமீன்தாரர் பணம் கட்டும் காட்சியை, மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து முதன்முறையாகப் பார்த்திருப்பேன்.

மாற்றிக் கொடுத்த பேட்டரிக்குப் புதிதாக 36 மாதம் தொடங்காது. பழைய பேட்டரியில் மிச்சமிருந்த 16 மாதம்தான் இதற்கும். இதைப் பலர் அறிவதில்லை. மாற்றிக் கிடைத்ததும் புதுக் கணக்கு என்று எண்ணிவிடுகிறார்கள். 2027 ஜனவரியோடு என் கேரண்டி முடிகிறது. அதன் பிறகு வரும் 24 மாதத்தை அட்டையில் புரோ-ரேட்டா, அதாவது மாதம் ஏற ஏறக் குறையும் தள்ளுபடி, என்று எழுதியிருக்கிறார்கள். இந்த இடத்தில் வாசகர்கள் சற்று நின்று கணக்குப் பார்க்க வேண்டும், ஏனெனில் பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் 60 என்ற எண்ணின் மதிப்பு இங்கேதான் கரைகிறது.

என் அட்டைப்படி 37ஆம் மாதம் முதல் 42ஆம் மாதம் வரை பேட்டரி கெட்டால், அதைக் கொடுத்துவிட்டுப் புதியதை 40 விழுக்காடு தள்ளுபடியில் வாங்கிக்கொள்ளலாம். அடுத்த ஆறு மாதம் 30 விழுக்காடு. அதற்கடுத்த ஓராண்டு 20 விழுக்காடு. தள்ளுபடி கழிவது கடை விலையிலிருந்து அன்று, அதிகபட்ச விலையான 21,000இலிருந்து. அப்படியானால் நான் கட்ட வேண்டியது முறையே 12,600, 14,700, 16,800 ரூபாய். வாரண்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, கெட்ட பேட்டரியை எடைக்குப் போடுவதுபோல் எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் அதே கடையில் 2,500 ரூபாய் கழிக்கிறார்கள். 16,200இல் 2,500 போக 13,700. ஆக, 24 மாத வாரண்டியில் முதல் ஆறு மாதம் எனக்கு 1,100 ரூபாய் ஆதாயம். மீதிப் பதினெட்டு மாதம் வாரண்டியைப் பயன்படுத்தினால் முதலில் 1,000 ரூபாயும் பிறகு 3,100 ரூபாயும் நட்டம். விலைகள் அதற்குள் மாறலாம். ஆனால் அதிகபட்ச விலைக்கும் கடை விலைக்கும் இவ்வளவு இடைவெளி இருக்கும்வரை கணக்கின் போக்கு இதுதான். இந்தப் பதினெட்டு மாதத்தையும் வாரண்டி என்றுதான் அட்டை அழைக்கிறது. கடைத்தெருவின் வாரண்டியாவது பழுது பார்த்துத் தரும். இது பழுதும் பார்க்காது, மாற்றியும் தராது.

இந்தக் கணக்கை அண்ணாச்சியிடம் காட்டினேன். மறுக்கவில்லை. "அதாம் சார், நாங்க அறுவதப் பத்திப் பேசவே மாட்டோம். முப்பத்தாறத்தான் கேரண்டின்னு சொல்லுதோம்," என்றார். கடைக்காரர்கள் இரண்டு சொற்களையும் ஏன் இவ்வளவு கறாராகப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆங்கிலம் ஒன்றாகக் குழப்பி வைத்திருப்பதைத் தச்சநல்லூரிலும் மேலப்பாளையத்திலும் தங்கள் தொழிலுக்குத் தேவையான அளவுக்குப் பிரித்துக்கொண்டார்கள். அதில் அறியாமை ஏதுமில்லை.

கடையும் கம்பெனியும் சேர்ந்து கைவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். குறை தோன்றிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனுக் கொடுக்க வேண்டும், பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்வரை கட்டணம் இல்லை. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையமும் இருக்கிறது. அங்கே போனால் கேட்கும் முதல் தாள் பில்தான். எனக்குத் தேவைப்படவில்லை.

ஆகவே என் மதிப்பீடு இது. பேட்டரி நடுத்தரம், ஒரு செல் இருபது மாதத்தில் போனதை மன்னிக்க மனம் வரவில்லை. கம்பெனியின் அட்டை மோசம். தமிழ்நாட்டில் விற்கும் பொருளுக்குத் தமிழில் ஒரு வரிகூட இல்லை, 60 என்ற எண் ஏமாற்றுக்கு மிக அருகில் நிற்கிறது. கடையின் காகித வேலை மோசம், கடைக்காரரின் வாக்கு நன்று. அடுத்த பேட்டரியும் அங்கேதான் வாங்குவேன், வரிசை எண்ணை ஆப்பில் பதியும்வரை கடையை விட்டு நகராமல்.

மாற்றுப் பேட்டரிக்குரிய அட்டையை வாங்கப் போன அன்று, முன்னீர்பள்ளத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மா பேட்டரி விலை பேசிக்கொண்டிருந்தார். "இது கேரண்டியா, வாரண்டியா?" என்று அவர் கேட்டதும் அண்ணாச்சி வழக்கம்போல், "ரெண்டும் உண்டுக்கா," என்று தொடங்கி, பக்கத்தில் நான் நிற்பதைப் பார்த்துச் சற்றுத் தயங்கினார். பிறகு அட்டையைத் திருப்பி மேசைமேல் வைத்து, 36 என்ற எண்ணைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். "இது வரைக்கும் மாத்தித் தருவோம்," என்றார். 24க்குப் பேனா நகர்ந்தபோது, "இது சும்மா," என்று சொல்லிவிட்டு, முத்திரையை எடுத்து ஊதி அட்டையில் அழுத்தினார்.